பிடிச்சிருக்கா

வெய் லிங்குக்குத் தமிழில் ஒரே சொல்தான் தெரியும்.
எனக்கு முன்னால் வந்த யாரோ கற்றுக்கொடுத்தது.
"பிடிச்சிருக்கா?"
தரையில் மண்டியிட்டு, என் முழங்காலுக்குக் கீழே
மிச்சமிருப்பதைச் சுற்றி
டேப்பை ஓட்டியபடி கேட்பாள்.

விருப்பத்தைக் கேட்கிறாளா,
இறுக்கத்தைக் கேட்கிறாளா,
அவளுக்கே தெரியாது.
இரண்டுக்கும் நம்மிடம் ஒரு சொல்தான் என்பதை
நொவீனாவின் அந்தக் குளிர் அறையில்தான்
நானும் கவனித்தேன்.

முதலில் ஊசிப் பூட்டு.
சிலிக்கோன் உறையை உட்புறம் வெளியாகப் புரட்டி
குமிழ் விழாமல் உருட்டி ஏற்றினால்
நுனியில் ஓர் இரும்புக் குச்சி நீட்டி நிற்கும்.
அதைக் குழிக்குள் நேராக இறக்கி மிதிக்க வேண்டும்.
டிக். டிக். டிக்.
ஏழு வரை.
பல் பல்லாய்க் கடித்துக்கொள்ளும்.
நல்ல பூட்டு. ஆனால்
எட்டு வைக்கத் தூக்கும்போதெல்லாம்
நுனிச் சதையை யாரோ கறக்கிற மாதிரி ஓர் இழுப்பு.
நான் மாடும் இல்லை, கறந்தவளும் இல்லை,
ஈசூனில் ஒரு பள்ளிக்கூட உணவகத்தில்
டின் பால் ஊற்றித் தே போடுகிறவள்.

மூன்றாம் வகுப்பு இர்ஃபான் எட்டிப் பார்த்தான்.
"ஆன்ட்டி, காலுக்குப் பூட்டா?
சாவி யார்கிட்ட?"

அடுத்தது காற்று.
ஒருவழி வால்வு, மேலே தொடைவரை ரப்பர் உறை.
மிதித்தால் உள்காற்று போகும், திரும்பாது.
டிக் இல்லை. இழுப்பு இல்லை.
சதை முழுவதையும் ஒரே சீராக
அணைத்துக்கொண்டது.
பிடிச்சிருக்கா?
ரொம்ப, என்றேன்.

நான்கு நாள்.
ஐந்தாம் நாள் மழைக்கு முந்திய புழுக்கம்,
கொதிக்கிற தண்ணீர்ப் பானை, பத்து மணி இடைவேளை.
ஐஸ் பெட்டியின் மூலை
உறையில் எப்போது ஓட்டை போட்டதோ,
ஒவ்வோர் எட்டுக்கும் ஒரு சத்தம்,
சபையில் வரக்கூடாத சத்தம்.
வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள்.
நானும்தான்.
அப்புறம் வியர்வையில் கால் அரை அங்குலம் நழுவ
மைலோத் தட்டை விட்டுவிட்டு
மேசையைப் பிடித்தேன்.
அப்போது யாரும் சிரிக்கவில்லை.

இருபத்து மூன்று வருடத்துக்கு முன்
அங் மோ கியோவில் ஒரு சோபாவில் உட்காரவைத்து
இதே கேள்வியைக் கேட்டார்கள்.
தலையாட்டினேன்.
அவர் கெட்டவரில்லை. பொருந்தவில்லை.
எங்கே உரசுகிறது என்று யாரும் கேட்கவில்லை,
கேட்டிருந்தாலும்
விரல் வைத்துக் காட்டத் தெரிந்திருக்காது.

நான்காம் முறை வெய் லிங் கேட்டபோது
தலை ஆடத் தொடங்கியது. நிறுத்தினேன்.
முன்னெலும்பு முடிகிற இடத்தில் பிடிக்கவில்லை, என்றேன்.
பின்பக்கம் பரவாயில்லை.
மதியம் இரண்டுக்கு மேல் கால் சுருங்கி லொடலொடக்கிறது,
இரண்டு காலுறை கூடுதலாகப் போடுகிறேன்.
ஈரத் தரையில் நிற்கிறவள் நான்.
சத்தம் இல்லாத பிடியை நம்ப முடியவில்லை.
பாதி ஆங்கிலம், கொஞ்சம் மலாய், மீதி விரல்.
அவள் பேனாவைத் தேடினாள்.
இரண்டு பக்கம் எழுதினாள்.

மறுபடி ஊசிதான்.
ஆனால் உள்ளே வலை நெய்த உறை, அவ்வளவாக நீளாது.
இழுப்பு பாதியாகிவிட்டது.
முழுக்கப் போகவில்லை.

விடிய இன்னும் நேரமிருக்கிறது.
விளக்கைப் போடாமல் கட்டில் விளிம்பில் எண்ணுகிறேன்.
டிக். டிக். டிக். டிக். டிக்.
ஐந்து.
நேற்று ராத்திரிக் கருவாடு, உப்பு,
கால் ஊதியிருக்கும்.
பொத்தானை அமுக்கிக் கழற்றி,
சதையைக் கையால் நீவிக்கொண்டு
சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.
கீழே முதல் பேருந்து மூச்சுவிட்டுக் கதவை மூடுகிறது.
போகட்டும்.